பழைய வரிசை வீட்டை இருவராகப் புதுப்பிக்கும்போது: சுவர், உத்திரம், தரை

கூரையும் மழைநீர்க் குழாயும் சரியாகும்வரை உள்ளே ஒரு கரணை கலவைகூடப் பூசாதீர்கள். வரிசை வீட்டுக்கு முன்னும் பின்னும் மட்டுமே வெளிச்சுவர். இடமும் வலமும் பக்கத்து வீட்டோடு பொது. உள்ளே ஏறிய ஈரம் காய்ந்து வெளியேற வழி குறைவு என்பதால், கசிவை நிறுத்தாமல் பூசிய பூச்சு நிலைக்காது.

அடுத்துப் பார்க்க வேண்டியது சுவர் எதனால் கட்டப்பட்டது என்பதை. சிமெண்ட் பரவலாவதற்கு முன் கட்டிய செங்கல் சுவரில் இணைப்புகள் சுண்ணாம்புக் கலவையாக இருக்கும். ஆணியால் கீறினால் வெள்ளையாக உதிரும். அப்படிப்பட்ட சுவர் ஈரத்தை வாங்கி, பூச்சின் வழியே காற்றில் விட்டுவிடும். அதன்மேல் யாராவது சிமெண்ட் பூசியிருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். ஈரம் மேலே ஏறி, பூச்சு முடியும் இடத்தில் உப்பாகப் பூக்கும். சுவருக்குள் செருகியிருக்கும் மர உத்திரத்தின் முனையையும் நனைக்கும். பூச்சு உப்பியிருப்பதைப் பார்த்து அதன்மேலேயே ஓதத் தடுப்புப் பெயிண்ட் அடிப்பவர்கள், நோயை மரத்துக்கு மாற்றிவிடுகிறார்கள்.

சிமெண்ட் பூச்சை அகலமான உளியும் சுத்தியலும் கொண்டு மேலிருந்து கீழாக எடுங்கள். கிரைண்டர் வேண்டாம், செங்கல்லின் மேல்தோல் போய்விடும். பூச்சோடு சேர்ந்து செங்கல் முகமும் பெயர்ந்து வந்தால் அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். வெளியே மண் மட்டம் உள்தரையைவிடக் குறைந்தது 150 மி.மீ. கீழே இருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு காய விடுங்கள். சுவரின் 25 மி.மீ. தடிமனுக்கு ஒரு மாதம் என்பது தோராயக் கணக்கு. அந்தக் காலத்தில் உத்திர வேலையையும் ஒயரிங்கையும் முடிக்கலாம்.

பூச்சுக்கு 1 பங்கு சுண்ணாம்பு விழுது, 3 பங்கு சலித்துக் கழுவிய சொரசொரப்பான மணல். நைசான மணலை மட்டும் போட்டால் காயும்போது சுருங்கி வெடிக்கும். 10 ச.மீ. சுவருக்கு 10 மி.மீ. தடிமனில் 100 லிட்டர் கலவை ஆகும். குழிகள், சேதாரம் சேர்த்து 120 லிட்டர் கலக்குங்கள். அது 200 கிலோவுக்கு மேல் எடை. அரை வாளியாகத்தான் தூக்க வேண்டும்.

முதல்நாள் மாலையே சுவரை நனையுங்கள், பூசுவதற்கு முன் இன்னொரு முறை. காய்ந்த செங்கல் கலவையின் நீரை உறிஞ்சிக்கொள்ளும், பூச்சு பிடிப்பில்லாமல் கழன்று விழும். முதல் பூச்சு 10 மி.மீ.; அது இறுகும்போது குறுக்கும் நெடுக்கும் கீறிவிடுங்கள். நகத்தால் அழுத்தினால் பதியாத நிலை வந்த பிறகுதான் அடுத்தது. அவசரத்தில் ஒரே பூச்சாக 25 மி.மீ. ஏற்றினால் மேல்தோல் இறுகும், உள்ளே பச்சையாக நிற்கும், தட்டினால் 'தொம்' என்று சத்தம் வரும். இரண்டாவது 8 மி.மீ., கடைசிப் பூச்சு 3 மி.மீ., அதற்கு மட்டும் நைசான மணல். மறுநாள் மயிரிழை விரிசல் தெரிந்தால் மட்டப்பலகையால் அழுத்தித் தேய்த்தாலே மூடிக்கொள்ளும். சுண்ணாம்பு இறுகக் காற்றும் வேண்டும், ஈரமும் வேண்டும். ஈரச் சாக்கைத் தொங்கவிட்டுச் சில நாள் மெல்லத் தெளியுங்கள்; மின்விசிறியை நேரே திருப்பாதீர்கள். 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகவே இறுகாது, அந்தப் பருவத்தில் வேறு வேலை பாருங்கள்.

ஒருவர் கலக்க, ஒருவர் பூச, ஒரு சுவரை மூலைக்கு மூலை நிறுத்தாமல் முடிப்பதே இருவருக்கு ஏற்ற அளவு. இருவருக்கும் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் உடனே நிறைய நீரால் தொடர்ந்து கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும்.

*

மேலே ஒருவர் சுவரைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. உத்திர முனைகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

குறுகலான வரிசை வீடுகளில் மாடித் தரையின் உத்திரங்கள் பெரும்பாலும் ஒரு பொதுச்சுவரிலிருந்து மறு பொதுச்சுவருக்கு ஓடும். சுவரோரப் பலகை இரண்டைக் கழற்றி, ஒவ்வொரு முனையையும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். நல்ல மரம் எதிர்க்கும், உளுத்தது உள்ளே வாங்கும். பழுது நுனியோடு நின்றால் அதே உயரமுள்ள புது மரத்தைப் பக்கத்தில் சேர்த்து, நல்ல பகுதியோடு குறைந்தது 600 மி.மீ. ஒட்டி நிற்கும்படி 12 மி.மீ. போல்ட்டுகளை மேலும் கீழுமாக மாற்றி மாற்றிப் போடலாம். பெரிய வாஷர் இல்லாமல் முறுக்கினால் மரத்துக்குள் புதைந்துவிடும். வேலை முடியும்வரை கீழே முட்டுக்கால் நிற்க வேண்டும். முட்டின் அடியில் பலகை போட்டுப் பாரத்தைப் பல இடத்துக்குப் பரப்புங்கள். புது மரத்தின் நுனியை ஈரச் செங்கல்லில் செருகாதீர்கள்; இரும்புத் தாங்கியில் உட்கார வையுங்கள். வரிசையாகப் பல உத்திரம் உளுத்திருந்தால் அது இருவர் வேலையில்லை. கட்டமைப்புப் பொறியாளர் பார்த்துச் சொல்லட்டும்.

பொதுச்சுவரைக் கொத்தி ஒயர் புதைக்கும்போதும் கை அடக்கம் வேண்டும். செங்குத்துக் காடி (ஒயருக்காகக் கொத்தும் பள்ளம்) சுவர்த் தடிமனில் மூன்றில் ஒரு பங்குக்கும், கிடைமட்டக் காடி ஆறில் ஒரு பங்குக்கும் மேல் ஆழமாகக்கூடாது. 110 மி.மீ. சுவர் என்றால் கிடைமட்டத்தில் 18 மி.மீ.தான். இரு வீட்டு ஸ்விட்ச் பெட்டிகளும் முதுகோடு முதுகு சேர்ந்தால் பக்கத்து வீட்டுப் பேச்சு நேராக உள்ளே வரும். முடிந்தவரை அந்தச் சுவரைத் தொடாமல் குறுக்குச் சுவரில் ஓட்டுங்கள்.

புகைபோக்கித் தூணை இடம் அடைக்கிறது என்று கீழே மட்டும் இடிப்பதுதான் எனக்குத் தெரிந்த மிக ஆபத்தான வேலை. அது பொதுச்சுவரோடு பின்னிக் கட்டப்பட்டது, மேலே உள்ள செங்கல் முழுவதும் அந்தரத்தில் தொங்கும். பக்கத்து வீட்டுப் புகைப்பாதையும் அதற்குள் இருக்கலாம். பொறியாளர் கணக்கும் பக்கத்து வீட்டார் சம்மதமும் இல்லாமல் அதில் ஒரு கல்லைக்கூட எடுக்காதீர்கள்.

*

தரை சாய்வைப் பற்றி மேலே இருவரும் சொல்லவில்லை. பழைய வீட்டு மாடியில் ஒரு மூலை 40, 50 மி.மீ. இறங்கியிருப்பது சகஜம். டியூப் லெவலில் (மட்டம் பார்க்கும் நீண்ட கண்ணாடிபோன்ற குழாய்) நீர் நிரப்பி, காற்றுக்குமிழி இல்லாமல் பார்த்து, நான்கு மூலையிலும் குறி வையுங்கள். சில மாதம் கழித்தும் குறி மாறவில்லை என்றால் பழைய அமர்வு, பயமில்லை. ஆனால் சிமெண்ட் கலவை ஊற்றி மட்டமாக்காதீர்கள். 10 மி.மீ. கலவையே ஒரு ச.மீ.க்கு 20 கிலோ எடை. அந்தப் பாரம் உத்திரத்தை இன்னும் வளைக்கும். ஒவ்வொரு உத்திரத்தின் மேலும் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த மரச்சட்டத்தைத் திருகி, அதன்மேல் பலகை போடுங்கள்.

விரிசலுக்கும் இதே முறை. இரு முனையிலும் பென்சில் கோடும் தேதியும் போட்டுவிட்டுக் காத்திருங்கள். 5 மி.மீ.க்கு மேல் அகலம், அல்லது வளர்ந்துகொண்டே போகிறது என்றால் பூசி மறைக்காமல் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

*

இரண்டு விஷயம் மட்டும் சேர்க்கிறேன். பழைய கதவு, ஜன்னல் பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்ட்டில் அதைத் தடை செய்ததே 1978இல்தான். சோதிக்காமல் உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்க்காதீர்கள், நனைத்துச் சுரண்டுங்கள். குழந்தையோ கர்ப்பிணியோ இருக்கும் வீட்டில் அந்த அறை முடிந்து துடைக்கும்வரை அவர்கள் வேறிடத்தில் இருக்கட்டும். பழைய குழாய் உறையிலும் தரை ஓடுகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் சந்தேகம் வந்தால் உடைக்காமல் விட்டு, சோதனைக்குக் கொடுங்கள்.

மற்றது, இருவர் வேலை செய்யும் வீட்டில் மெயின் ஸ்விட்ச். ஒருவர் மாடியில் ஒயரைத் தொட்டுக்கொண்டிருக்க, கீழே இருப்பவர் ட்ரில்லுக்காக ஸ்விட்சைப் போட்டுவிட முடியும். அணைத்தவரே பூட்டுப் போட்டுச் சாவியைத் தன் பையில் வைத்திருக்க வேண்டும். பூட்டிய பின்னும் டெஸ்டரால் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். சுவரை மூடும் முன் ஒவ்வொரு குழாயும் ஒயரும் போகும் பாதையை, அளவு நாடாவைப் பக்கத்தில் பிடித்துப் படமெடுத்து வையுங்கள். தண்ணீர்க் குழாய்க்கு வழக்கமான அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றி, ஒரு மணி நேரம் அழுத்தமானியின் முள் இறங்காமல் நின்றால் மட்டும் மூடுங்கள்.