த்ரிஃப்ட் கடையில் வாங்கிய பட்டுப்புடவையைப் பாவாடையாகத் தைத்தேன், உட்கார்ந்தால் கிழிகிறது: உதவி வேண்டும்

மாதுளைமொட்டு:

வணக்கம். நான் கனடாவில், ஸ்கார்பரோவில் இருக்கிறேன். ஆறு வருடமாக த்ரிஃப்ட் கடைகளில் வாங்கும் பழைய உடுப்புகளை வெட்டி வேறு உடுப்பாகத் தைத்து வருகிறேன். ஆண்கள் சட்டையில் குழந்தைக் கவுன், ஜீன்ஸில் தோள்பை, திரைச்சீலையில் அம்ப்ரெல்லா பாவாடை என்று பருத்தியும் டெனிமும் கைக்கு வந்துவிட்டன. பட்டில் கை வைப்பது இதுதான் முதல் தடவை.

போன மாதம் கடையில் படுக்கை விரிப்புகளுக்கு நடுவே ஒரு பட்டுப்புடவை தொங்கியது. அரக்கு உடல், இரண்டு பக்கமும் நான்கு இன்ச்சில் மயில்பச்சைக் கரை, முந்தி நிறைய ஜரிகை. விலை 14 டாலர். யார் வீட்டுப் புடவையோ, இப்படி விரிப்புகளோடு தொங்குகிறதே என்று மனசு கேட்கவில்லை, எடுத்துவந்துவிட்டேன். அக்கா மகன் கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. என் மகளுக்கு 14 வயது. அவளுக்கு இதில் ஒரு மடிப்புப் பாவாடை, மேலே நீளமான டாப், முந்தியில் ஒரு சின்னப் பை என்று திட்டம்.

தைத்தது இப்படி: புடவையின் உடலில் மூன்று மீட்டர் எடுத்தேன். கீழ்க்கரை பாவாடையின் அடியில் வருகிற மாதிரி வைத்து, 37 இன்ச் உயரத்தில் வெட்டினேன். பாக்ஸ் பிளீட் வைத்து இடுப்புப் பட்டியில் சேர்த்தேன். பின்பக்கம் ஒரு நேர்த்தையல், அதிலேயே ஜிப். தையலுக்கு உள்ளே கால் இன்ச் விட்டு ஓவர்லாக் போட்டேன். மெஷினில் ஏற்கெனவே இருந்த 14 நம்பர் ஊசி. லைனிங் பாலியஸ்டர் சாட்டின்.

மகள் போட்டுப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்ததும் சர்ரென்று சத்தம். பார்த்தால் இரண்டு இடத்தில் போயிருக்கிறது.

ஒன்று, ஜிப்புக்குக் கீழே. தைத்த நூல் அறவில்லை, ஆனால் பட்டு இழைகள் சீப்புப் பல் மாதிரி விலகி இரண்டு இன்ச் நீளத்துக்கு வாய் பிளந்து நிற்கிறது.

இரண்டு, பின்பக்கம் இடுப்பிலிருந்து சுமார் 12 இன்ச் கீழே குறுக்காக ஒரு சாண் நீளத்துக்குக் கீறல். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அதே உயரத்தில் சுற்றிலும் அங்கங்கே துணி மெலிந்து தெரிகிறது.

கீறலுக்குப் பின்னால் இஸ்திரிப்பெட்டியால் ஒட்டும் கேன்வாஸ் வைத்துப் பார்த்தேன். அந்த இடம் அட்டை மாதிரி ஆகிவிட்டது, பசை வேறு முன்பக்கம் புள்ளிபுள்ளியாகக் கசிந்துவிட்டது. இதைக் காப்பாற்ற வழி உண்டா? ஜரிகை சில இடங்களில் கறுத்திருக்கிறது, பாச்சா உருண்டை வாசமும் போகவில்லை. அதற்கும் யோசனை சொல்லுங்கள்.

தறிவீடு:

வணக்கம் சகோதரி. எங்கள் தாத்தா காலம்வரை காஞ்சிபுரத்தில் வீட்டிலேயே தறி இருந்தது. முதலில் அது பட்டுதானா என்று பாருங்கள். வெட்டிய ஓரத்தில் இரண்டு இழை உருவி இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். முடி கருகும் வாசம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. உருகிக் கறுப்பு மணி மாதிரி கெட்டியானால் பாலியஸ்டர்.

அப்புறம் ஒரு கேள்வி. புடவையின் முழு அகலம் எவ்வளவு? கடையில் பார்க்கும்போது எப்படி மடித்திருந்தது?

மாதுளைமொட்டு:

கொளுத்திப் பார்த்தேன் அண்ணா, முடி வாசம்தான். சாம்பலும் பொடிந்தது. அகலம் 47 இன்ச். கரையோடு கரை சேர்த்து நீளவாக்கில் பாதியாக மடித்து, அப்புறம் குறுக்கே பல மடிப்பு மடித்திருந்தது.

வடலி:

தங்கச்சி, அரக்கு எண்டு வாசிச்சதும் எனக்கு மனசு ஒரு மாதிரிப் போட்டுது. எங்கட பக்கத்தில கலியாணக் கூறை பெரும்பாலும் அந்த நிறத்திலதான் இருக்கும். ஆரோ ஒரு அம்மாவின்ர கூறையாவும் இருக்கலாம். வெட்டியாச்சு, இனி அதைப் பற்றிச் சொல்லிப் பிரயோசனம் இல்லை. ஆனால் மிச்சத்தில ஒரு துண்டும் எறியாதேங்கோ.

வாசத்துக்குச் சொல்லுறன். பாச்சா உருண்டை தண்ணியில கரையாது, அதனால தோய்ச்சாலும் மணம் போகாது. அது காத்தில தானா ஆவியாப் போற சாமான். நிழலில, நல்லாக் காத்து ஓடுற இடத்தில ஒரு கிழமை விரிச்சுத் தொங்கவிடுங்கோ. வெயிலில போடவேண்டாம், பட்டு வெளிறும், இழையும் நைஞ்சு போகும். குளிர் தொடங்கிட்டுது, குளிருக்க மணம் போகச் சுணங்கும். அதனால ஆக்கள் படுக்காத ஒரு அறையில யன்னலைக் கொஞ்சம் திறந்து, ஃபேனைப் போட்டு விடுங்கோ. சின்னப் பிள்ளையள் இருக்கிற அறையில மட்டும் வைக்காதேங்கோ, சில பிள்ளையளுக்கு அந்த மணம் இரத்தத்தையே பாதிக்கும்.

ஊசிமுனை:

கோவையில் 22 வருடம் தையல் கடை வைத்திருந்தேன் அம்மா. நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். உன் தையல் மோசமில்லை, துணியைப் படிக்காமல் வெட்டிவிட்டாய், அவ்வளவுதான்.

கணக்கைப் பார். அகலம் 47 இன்ச். கரையோடு கரை மடித்தால் நடுக்கோடு 23½ இன்ச்சில் விழும். நீ வெட்டியது 37, இடுப்புப் பட்டித் தையலுக்குள் போனது போக உன் பாவாடை உயரம் 36. அடியிலிருந்து 23½ எண்ணினால் அந்தக் கோடு இடுப்பிலிருந்து 12½ இன்ச்சில் வருகிறது. கீறல் விழுந்ததும் அங்கேதான். அந்தப் புடவை பல வருடம் அந்த ஒரே கோட்டில் மடிந்து அலமாரியில் கிடந்திருக்கிறது. மடிப்பில் வளைந்து வளைந்து ஊடை இழை, அதாவது புடவையின் அகலவாக்கில் ஓடும் இழை, நைந்துபோயிற்று. பிள்ளை உட்காரும்போது துணி அதிகம் இழுபடுவதும் சரியாக அதே உயரத்தில். நைந்த இடமும் இழுபடும் இடமும் ஒன்றாகிவிட்டது.

ஜிப் பக்கம் நடந்தது வேறு. பட்டு இழை வழுவழுப்பானது. கால் இன்ச் மட்டும் விட்டுத் தைத்தால், இழுக்கும்போது தையலுக்கு இணையாக ஓடும் இழைகள் நழுவிக் கழன்றுவிடும். ஓவர்லாக் அதைத் தடுக்காது. பட்டில் முக்கால் இன்ச்சாவது உள்ளே விட வேண்டும். 14 நம்பர் ஊசி டெனிமுக்கானது, அது பட்டு இழையை அறுத்துக்கொண்டே போயிருக்கும். 9 அல்லது 11 நம்பர், அதுவும் புது ஊசி போடு.

இப்போது வழி. ஒட்டுப்போட வேண்டாம். நைந்த இழையில் டார்னிங், அதாவது இழையோட்டிக் கிழிசலை மூடுவது, பிடிக்காது, ஊசி பட்ட இடத்துக்குப் பக்கத்தில் திரும்பக் கிழியும். அந்தக் கோட்டையே வெட்டி எடுத்துவிடு. அடிக்கரையிலிருந்து 22½ இன்ச் மட்டும் வைத்துக்கொள். மேலே ஒரு யோக், அதாவது இடுப்பை ஒட்டி வரும் மேல்துண்டு, பருத்தியில் தை. நீளமான டாப் போடுவதாகச் சொன்னாயே, அது வெளியே தெரியாது. நீ ஆண்கள் சட்டையெல்லாம் வாங்குகிறவள்தானே, எக்ஸ்எல் அளவில் ஒரு கெட்டியான பாப்ளின் சட்டை எடு. அதன் முதுகிலும் முன்பக்கத்திலும் யோக் முழுக்க வந்துவிடும். இடுப்பெலும்புச் சுற்றளவோடு நான்கு இன்ச் தாராளம் விட்டு வெட்டு.

இதில் இன்னொரு லாபம். யோக் 14 இன்ச்சுக்கு வரும், ஜிப் 8 இன்ச்தான். ஆக ஜிப் முழுக்கப் பருத்திக்குள் வந்துவிடுகிறது. உட்கார்ந்து எழும்போது வரும் இழுப்பெல்லாம் பருத்தி வாங்கிக்கொள்ளும். பட்டு கீழே சும்மா தொங்கினால் போதும். பசை கசிந்த இடமும் வெட்டில் போய்விடும்.

மாதுளைமொட்டு:

அம்மா, படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். டேப் வைத்து அளந்தேன், கீறல் அடியிலிருந்து சரியாக 23½ இன்ச்சில் இருக்கிறது. இரண்டு நாளாகத் தூக்கமில்லாமல் யோசித்தும் எனக்கு இது தோன்றவில்லை.

ஒரு சந்தேகம். குறுக்கே மடித்த கோடுகளும் இருக்கின்றன. அவை பாவாடையில் மேலிருந்து கீழாக வரும். அவையும் கிழியுமா?

ஊசிமுனை:

நல்ல கேள்வி. ஜன்னலில் பிடித்துப் பார்த்து, மெலிந்த கோட்டிலெல்லாம் வெள்ளை நூலோட்டி அடையாளம் வை. சாக்பீஸ் வேண்டாம், பட்டில் தடம் நிற்கும். பிளீட் வைக்கும்போது அந்தக் கோடுகள் பிளீட்டின் உள்பக்கத்தில், தட்டையான இடத்தில் விழுகிற மாதிரி நகர்த்து. பிளீட்டின் விளிம்பில் வரவே கூடாது, திரும்பவும் அதே இடத்தில் மடித்தால் ஒரே வருடத்தில் போய்விடும்.

ரொம்ப மெலிந்திருந்தால் பின்னால் இரண்டு இன்ச் அகலத்தில் மல்மல் என்னும் மெல்லிய பருத்தித் துண்டு வைத்து, கையாலேயே சின்னச் சின்ன ஓட்டுத் தையல் போடு. நூல் கடையில் தேடாதே. வெட்டி எடுத்த துண்டின் ஓரத்திலிருந்து பட்டு இழையை உருவி அதிலேயே தை. நிறம் அப்படியே சேரும்.

சாட்டின் லைனிங்கைக் கழற்றிவிடு. பருத்தி லைனிங் போட்டு, பாவாடைச் சுற்றளவைவிடக் குறைவாக, யோக்கிலிருந்து தொங்கவிடு.

நெய்தல்:

கறுத்த ஜரிகைக்கு எலுமிச்சை தடவினால் பளபளவென்று வரும். என் அத்தை அப்படித்தான் செய்வார்.

தறிவீடு:

தயவுசெய்து வேண்டாம். எலுமிச்சை, புளி, வினிகர், வெள்ளிப் பாத்திரம் துலக்கும் பாலிஷ் எதுவும் பட்டில் படக்கூடாது. அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. காற்றில் இருக்கும் கந்தகம் படுவதால் வெள்ளி கறுக்கிறது. புளிப்பைத் தேய்த்தால் மெல்லிய முலாம் உரியும், பக்கத்திலுள்ள பட்டின் சாயமும் கலங்கும். பளபளப்பு ஒரு வாரம் நிற்கும், அப்புறம் முன்னைவிட மோசம்.

சகோதரி, முந்தியின் ஓரத்தில் ஒரு ஜரிகை இழையைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே சிவப்புப் பட்டு நூல் இருந்து, கம்பியைச் சுரண்டினால் வெள்ளையாகத் தெரிந்தால் வெள்ளி ஜரிகை. செம்பு நிறம் தெரிந்தால் செம்புக்கம்பி ஜரிகை. வெள்ளியாக இருந்தால் துணுக்குகளையும் பத்திரமாக வையுங்கள். ஊரில் பழைய பட்டுப்புடவையை ஜரிகைக்காகவே வீடு வீடாக வந்து வாங்கிப்போவார்கள். அது கிழிந்த புடவையாக இருந்தாலும் எடுப்பார்கள்.

முந்தியில் பை தைப்பதாகச் சொன்னீர்கள். ஜரிகை நெருக்கமான துணி வளையும் இடத்தில் உடையும். பையின் முன்பக்கம், பின்பக்கம் என்று தட்டையான இடத்தில் மட்டும் வையுங்கள். பக்கவாட்டுக்கும் தோள்பட்டிக்கும் உங்களுக்குப் பழகிய டெனிமையே போடுங்கள்.

இஸ்திரி போடும்போது இரண்டு புள்ளிச் சூட்டுக்கு மேல் வேண்டாம், பின்பக்கத்தில், மேலே ஒரு பருத்தித் துணி விரித்து. தண்ணீர் தெளிக்காதீர்கள், பட்டில் வட்ட வட்டமாகக் கறை நிற்கும். கரையும் உடலும் தனித்தனி நாடாவில் (தறியில் ஊடை நூலை ஓட்டும் கட்டை) கோர்வையாக நெய்தது என்றால் இரண்டும் ஒரே மாதிரி சுருங்காது. அதனால் தைத்த பிறகு தண்ணீரில் நனைக்கவும் வேண்டாம், டிரைக்ளீனிங்தான்.

பட்டன்டப்பா:

எனக்கு ஒன்று தோன்றுகிறது. டாப்பில் பக்க ஸ்லிட், அதாவது பக்கவாட்டுத் திறப்பு, இருக்கிறதா? வழக்கமான குர்தி ஸ்லிட் இடுப்புக்குக் கொஞ்சம் கீழேயே தொடங்கும். நடக்கும்போது அந்த இடைவெளியில் வெள்ளை யோக் எட்டிப்பார்க்கும். நான் ஒரு தடவை இதே தப்பைச் செய்து, விசேஷம் முழுக்க டாப்பைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

மாதுளைமொட்டு:

ஐயோ, ஆமாம்! ஸ்லிட் வைத்துத்தான் வெட்டி வைத்திருந்தேன். நல்லவேளை இன்னும் தைக்கவில்லை. ஸ்லிட் இல்லாமல் கீழே விரியும் ஏ-லைனாக மாற்றுகிறேன். நேற்று த்ரிஃப்ட் கடையில் வெள்ளை தவிர்த்து மெரூன் நிறத்தில் ஒரு சட்டை கிடைத்தது, 6 டாலர். தெரிந்தாலும் உறுத்தாது.

மாதுளைமொட்டு (பதினாறு நாள் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. கல்யாணம் நேற்று முடிந்தது.

ஊசிமுனை அம்மா சொன்னபடியே 22½ இன்ச்சில் வெட்டினேன். கத்திரி வைக்கும்போது கை நடுங்கியது, ஆனால் வெட்டிய பிறகு அந்த நைந்த பட்டையை விரலால் இழுத்தால் காகிதம் மாதிரி போனது. அது உடுப்பில் இருந்திருந்தால் மண்டபத்திலேயே கிழிந்திருக்கும். யோக், லைனிங் எல்லாம் பருத்தி, ஜிப்பும் அந்த யோக்குக்குள்ளேயே. 11 நம்பர் ஊசி போட்டதும் பட்டில் வந்துகொண்டிருந்த சின்னச் சின்னச் சுருக்கங்கள்கூட நின்றுவிட்டன. மூன்று கோடுகளுக்குப் பின்னால் மல்மல் வைத்து, உருவிய இழையாலேயே தைத்தேன். அதற்கு மட்டும் இரண்டு இரவு ஆனது. முன்பக்கத்திலிருந்து பார்த்தால் எங்கே என்று எனக்கே தெரியவில்லை.

முதலில் வெட்டியபோது மேல்கரையோடு 10 இன்ச் பட்டை மூன்று மீட்டர் மிஞ்சியிருந்தது. அதைக் குறுக்கி ஏ-லைன் டாப்பின் அடியிலும் கை ஓரத்திலும் வைத்தேன். வாசம் எட்டு நாளில் போய்விட்டது. ஜரிகையைச் சுரண்டிப் பார்த்தேன், வெள்ளைதான், உள்ளே சிவப்பு நூல். கறுத்ததை அப்படியே விட்டுவிட்டேன், பழைய பட்டுக்கு அது அழகாகத்தான் இருக்கிறது.

மகள் பந்தியில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டாள். நான் சாப்பிடாமல் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சத்தமும் இல்லை.

வடலி அக்கா, ஒரு துண்டும் எறியவில்லை. நைந்த பட்டையைச் சுருட்டி ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன், அதிலிருந்துதான் இனி ஒட்டுக்கு இழை உருவ வேண்டும். முந்திப் பை இன்னும் பாதியில் நிற்கிறது. டெனிமும் பட்டும் சேரும் மூலையில் மெஷின் திணறுகிறது. அங்கே எந்த ஊசி போடுவது, 14-ஆ 11-ஆ?

ஊசிமுனை:

பட்டுத் துண்டை முதலில் தனியாக ஒரு பருத்தித் துணியின் மேல் 11-ல் தைத்துப் பதித்துவிடு. அப்புறம் அந்தப் பருத்தியை டெனிமோடு 14-ல் சேர். பட்டின் மேல் 14 ஊசி போகவே வேண்டாம். மூலையில் டெனிமின் தடித்த மடிப்பைச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டிவிட்டுத் தை, அமுங்கிவிடும்.