ரேடியேட்டர் ஃபேனுக்கு டேஷ்போர்டில் தனி ஸ்விட்ச்: நேராக ஒயர் இழுக்கலாமா?

பழையவண்டிக்காரன்:
வணக்கம். வண்டி பழசு, கார்புரேட்டர் எஞ்சின், ஆனால் ரேடியேட்டருக்கு கரண்ட் ஃபேன்தான். ஓட்டத்தில் இருக்கும்போது ஒரு தொல்லையும் இல்லை, முள் பாதியைத் தாண்டாது. நெரிசலில் பத்து நிமிடம் நின்றால்தான் வினை. முள் மெல்ல ஏறிக்கொண்டே போகும், சில நாள் ஃபேன் தானாக ஓடும், சில நாள் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் போனாலும் ஓடாது, நான் இறங்கி பானெட்டைத் திறந்து ரேடியேட்டரில் திருகியிருக்கும் தெர்மோ ஸ்விட்சின் (சூடு ஏறினால் ஃபேனைத் தானாகப் போடும் ஸ்விட்ச்) ஒயரைக் கொஞ்சம் ஆட்டிவிட்டால் உடனே சுற்ற ஆரம்பிக்கும். ஒவ்வொரு தடவையும் இறங்க முடியுமா? அதனால் பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு ஒயர், டேஷ்போர்டில் ஒரு ஸ்விட்ச், அங்கிருந்து நேராக ஃபேனுக்கு என்று யோசித்திருக்கிறேன். வீட்டில் 16 ஆம்ப்ஸ் என்று எழுதிய ஸ்விட்ச் ஒன்று சும்மா கிடக்கிறது. போதுமா?

கரிஞ்சஒயர்:
வேண்டாம். இதே வேலையைச் செய்து கெட்டவன் சொல்கிறேன், என் பெயரைப் பார்த்தாலே தெரியும். ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போது 10 முதல் 20 ஆம்ப்ஸ் இழுக்கும், பெரிய ஃபேன் என்றால் அதற்கும் மேலே. நின்ற மோட்டார் கிளம்பும் அந்த ஒரு நொடியில் இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு போகும். வீட்டு ஸ்விட்சில் எழுதியிருக்கும் 16 ஆம்ப்ஸ் ஏசி கரண்டுக்கான கணக்கு. ஏசி நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொட்டுப் போவதால் ஸ்விட்சை அணைக்கும்போது வரும் பொறி தானாக அணைந்துவிடும். பேட்டரி கொடுப்பது டிசி, பொறி அப்படிச் சீக்கிரம் அணையாது, ஒவ்வொரு தடவையும் பாயிண்டை, அதாவது உள்ளே ஒன்றையொன்று தொடும் உலோக முனையை, கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும்.

எனக்கு இரண்டு மாதம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் ஒரு நாள் மீன் அழுகின மாதிரி ஒரு வாடை, என்னடா என்று ஸ்விட்சைத் தொட்டால் குமிழ் கொழகொழவென்று விரலோடு வருகிறது. அணைக்கவும் முடியவில்லை, உள்ளே பாயிண்ட் ஒட்டிக்கொண்டுவிட்டது. பியூஸும் போட்டிருக்கவில்லை. பேட்டரி மைனஸைப் பிடுங்கித்தான் நிறுத்தினேன்.

ரிலே போடுங்கள், உள்ளே இருக்கும் காயிலுக்கு (கம்பிச் சுருளுக்கு) சின்ன கரண்ட் கொடுத்தால் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் ஸ்விட்ச் அது. ஃபேனின் கரண்ட் பானெட்டுக்குள்ளேயே இருக்கட்டும். உங்கள் டேஷ்போர்டுக்கு வரவேண்டியது ரிலே காயிலின் கரண்ட் மட்டும்தான், அது கால் ஆம்ப்ஸ்கூட வராது, எந்தச் சின்ன ஸ்விட்சும் தாங்கும்.

எர்த்எங்கே:
ரிலே சரி, ஆனால் அதற்கு முன்னால் ஒன்று பாருங்கள். தெர்மோ ஸ்விட்சில் வரும் ஒயர் தடிமனா, மெலிசா? மெலிசாக இருந்தால் கம்பெனியே ரிலே வைத்திருக்கிறது, பெரும்பாலும் அந்த ஸ்விட்ச் காயிலை எர்த் பண்ணும் (பாடி வழியாக பேட்டரி மைனஸோடு சேர்க்கும்) வேலையை மட்டும் செய்யும். அப்படியென்றால் அந்த ஒயரில் ஒரு கிளை எடுத்து டேஷ்போர்டு ஸ்விட்ச் வழியாக பாடியில் எர்த் பண்ணினால் போதும், கதை முடிந்தது. இரண்டு ஒயரும் தடிமனாக இருந்தால் ஃபேனின் முழு கரண்டும் தெர்மோ ஸ்விட்ச் வழியாகவே போகிறது என்று அர்த்தம். ஆட்டினால் ஓடுகிறது என்கிறீர்களே, எனக்கு இரண்டாவதாகத்தான் படுகிறது.

சோதிக்க: சாவி போட்டு, தெர்மோ ஸ்விட்சின் கனெக்டரைக் கழற்றி, அதன் இரண்டு முனையையும் ஒரு ஒயர்த் துண்டால் சேருங்கள். இரண்டு ஒயர் கனெக்டருக்குத்தான் இது, ஒற்றை ஒயர் என்றால் அதை பாடியில் தொடவேண்டும். ஃபேன் ஓடினால் மோட்டார், பியூஸ் எல்லாம் நல்லது, கோளாறு ஸ்விட்சிலோ கனெக்டரிலோதான். கையை ஃபேனிடமிருந்து தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கும் புது வண்டிக்காரர்களுக்கு: ஈசியூ (எஞ்சினைக் கவனிக்கும் கம்ப்யூட்டர்) ஃபேனின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வண்டியில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். அது வேறு சமாச்சாரம்.

ரெண்டாங்கியர்:
எல்லோரும் ஒயரைப் பற்றியே பேசுகிறீர்கள். கூலன்ட் அளவு பார்த்தாரா? ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தாலோ காற்று அடைத்திருந்தாலோ தெர்மோ ஸ்விட்ச் கூலன்டில் நனையாது, சூடு அதற்குத் தெரியவே தெரியாது, ஃபேனும் ஓடாது. அந்த நிலையில் கையால் ஃபேனைப் போட்டுக்கொண்டே ஓட்டினால் ஒரு நாள் எஞ்சின் சூடேறி ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் தகடு) போகும். எஞ்சின் ஆறிய பிறகு மூடியைத் திறந்து பாருங்கள், சூட்டில் தொட்டால் முகத்தில் அடிக்கும்.

பழையவண்டிக்காரன்:
பார்த்துவிட்டேன். கூலன்ட் நிறையவே இருக்கிறது. ஒயர் இரண்டும் தடிமன்தான், சேர்த்தவுடன் ஃபேன் சர்ரென்று ஓடியது. கனெக்டரைத் திருப்பிப் பார்த்தால் ஒரு பின் பச்சை பிடித்து, பக்கத்து பிளாஸ்டிக் பழுப்பாகியிருக்கிறது. சரி, ரிலேயே போடுகிறேன். ரிலேயின் எந்த பின்னில் எதைக் கொடுப்பது?

கரிஞ்சஒயர்:
முதலில் பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். 12 வோல்ட், 40 ஆம்ப்ஸ் ரிலே வாங்குங்கள். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 4 ஸ்கொயர் எம்எம் ஒயர் எடுத்து, பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே 30 ஆம்ப்ஸ் பியூஸ், அங்கிருந்து ரிலேயின் 30ஆம் பின் (எண்கள் ரிலேயிலேயே எழுதியிருக்கும்). 87இலிருந்து ஃபேனின் பிளஸ். ஃபேனின் மைனஸ் நேராக பாடியில், பெயிண்டைச் சுரண்டிவிட்டு இறுக்குங்கள். 86க்கு சாவி போட்டால் மட்டும் வரும் பிளஸ், 3 ஆம்ப்ஸ் பியூஸ் வழியாக, இல்லாவிட்டால் ஒரு நாள் ஸ்விட்சை மறந்து இறங்கி காலையில் பேட்டரி காலி. 85இலிருந்து மெல்லிய ஒயர் இரண்டு கிளை: ஒன்று தெர்மோ ஸ்விட்சுக்கு, இன்னொன்று டேஷ்போர்டு ஸ்விட்சுக்கு. இரண்டின் மறுமுனையும் எர்த். தெர்மோ ஸ்விட்சில் இருந்த பழைய தடிமன் ஒயர் இரண்டையும் கழற்றி நுனியை மூடிவிடுங்கள், எர்த்தோடு சேர்ந்தால் வம்பு. பிளஸ்ஸை 86இல்தான் கொடுங்கள், சில ரிலேக்குள் டையோடு (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடுவது) இருக்கும், மாற்றிக் கொடுத்தால் பியூஸ் போகும்.

எர்த்எங்கே:
இதில் முக்கியமானது அந்த இரண்டு கிளைதான். உங்கள் ஸ்விட்ச் ஃபேனைப் போட மட்டுமே முடியும், தெர்மோ ஸ்விட்ச் ஓடவைத்திருப்பதை அதனால் நிறுத்த முடியாது. நீங்கள் மறந்தாலும் அது பார்த்துக்கொள்ளும். அப்புறம் 87இலிருந்து 1 ஆம்ப்ஸ் பியூஸோடு ஒரு சின்ன விளக்கை டேஷ்போர்டுக்குக் கொண்டுவாருங்கள், ரிலே உண்மையிலேயே கரண்ட் கொடுக்கிறதா என்று அது காட்டும். உள்ளே விளக்கு வைத்த மூன்று பின் ஸ்விட்ச் வேண்டாம், எர்த் பக்கம் போட்டால் சரியாக எரியாது. ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் இருக்கும் தகடு) ஒயர் நுழையும் ஓட்டைக்கு ரப்பர் குரோமெட், அதாவது ஒயர் உரசாமல் காக்கும் ரப்பர் வளையம், மறக்காதீர்கள்.

பழையவண்டிக்காரன்:
முடிந்தது. தெர்மோ ஸ்விட்சையும் புதிதாக மாற்றிவிட்டேன். இன்று நெரிசலில் இருபது நிமிடம் நின்றேன், முள் பாதிக்குக் கொஞ்சம் மேலே போனதும் விளக்கு தானாக எரிந்தது, இரண்டு நிமிடத்தில் அணைந்தது. இவ்வளவு வேலை செய்து வைத்த டேஷ்போர்டு ஸ்விட்சை இன்னும் தொடவேயில்லை.