கோலோக் (இந்தோனேசிய வெட்டுக்கத்தி) வாங்கியவர்கள் கொஞ்சம் உதவுங்கள்
மேற்கு ஜாவாவின் சிவிதேயில் கையால் அடித்த கோலோக் ஒன்றை அங்குள்ள இணைய விற்பனையாளரிடம் வாங்கப் பார்க்கிறேன். அலகு 30 செ.மீ., லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தது, எருமைக்கொம்புப் பிடி, மர உறை.

படத்தில் பளபளப்புதான் தெரிகிறது. முதுகு பிடியருகே 6 மி.மீ. இருந்து நுனியில் 3 ஆக மெலிந்தால்தான் கை ஓயாது. அதனால் மேலிருந்து எடுத்த படமும் எடையும் கேட்டிருக்கிறேன்.

பெரிய கவலை பிடிதான். உள்ளே போகும் காம்பு குட்டையாக, வெறும் பசையில் நின்றால் நாலு வெட்டில் ஆடிவிடும். வறண்ட காற்றில் கொம்பும் சுருங்கி வெடிக்கும்.

காம்பின் நீளத்தை எப்படி உறுதிசெய்தீர்கள்? கொம்புப் பிடியைச் சுங்கத்தில் நிறுத்தினார்களா, மரப்பிடியே கேட்டுவிடலாமா? வாய்ப்பக்கம் பதம் சரியாக ஏறியிருக்கிறதா என்று அரம் வைத்துப் பார்த்தவர்கள் இருந்தால், அரம் வழுக்கியதா (இரும்பு கெட்டி), கடித்ததா (மெத்து) என்று சொல்லுங்கள்.