வின்ரர்லூட்: பிள்ளைகள், அம்மம்மாவோட ஒட்டாவா. ஒருநாள் காணுமா?

வடலி:
மாசி (பெப்ரவரி) மாதம் ரொறொன்ரோவில இருந்து ஒட்டாவாவில நடக்கிற வின்ரர்லூட் குளிர்காலத் திருவிழாவுக்குப் போகிற யோசனை. பிள்ளைகளுக்கு 4, 9 வயது. அம்மம்மாவுக்கு 71, சேலைதான் உடுப்பா. ஐஸ் சிற்பங்களும் உறைஞ்ச ரிடோ கால்வாயில சறுக்கலும் ஒரே நாளில சரிவருமா? என்ன உடுத்த வேணும்?

பனிக்காடு:
காலமை போய் இரவு திரும்புறது சரிவராது. ஒரு வழிக்கே 450 கிலோமீற்றர் அளவு. நல்ல றோட்டெண்டால் நாலரை மணித்தியாலம், பனி கொட்டினால் ஆறும் பிடிக்கும். டவுன்டவுனுக்குள்ள ஒரு இரவு தங்குங்கோ. அடுத்தநாள் காலமை ஆற்றுக்கு அங்கால கற்றினோவில இருக்கிற ஜாக் கார்த்தியே பார்க். பனியில கட்டின சறுக்குமரங்கள் அங்கதான், 4 வயதுக்கு அதுதான் திருவிழா. திறந்த உடன போனால் வரிசை சின்னது. மத்தியானம் எல்லாரையும் படுக்க வையுங்கோ. பின்னேரம் நாலே முக்காலுக்கு ஸ்பார்க்ஸ் வீதி. அண்மைய வருசங்களில சிற்பங்களை அங்க வைக்கினம், இந்தமுறை எங்க எண்டு வெளிக்கிட முன்னம் பாருங்கோ. பார்லிமென்ற் ஓ-றெயின் (நகர ரயில்) நிலையத்தில இருந்து ஒரு தெருதான். மாசித் தொடக்கத்தில ஐந்து மணி தாண்டித்தான் பொழுதுபடும். வெளிச்சத்தில ஒருக்கா, விளக்குப் போட்டபிறகு ஒருக்கா பார்க்கலாம். பார்க்க ஒரு சதமும் இல்லை.

உளி:
திருவிழாவின்ர முதல் வார இறுதியே போங்கோ. பிந்தினால் வெயில் படுற பக்கத்தில சிற்பங்களின்ர இறகு, விரல், மூக்கு நுனி எல்லாம் மழுங்கிப்போகும். −10 எண்டாலும் தப்பாது, ஐஸ் உருகாமலே ஆவியாகும்.

வீட்டு ஐஸ் வெள்ளை, இது மட்டும் ஏன் கண்ணாடி மாதிரி எண்டு 9 வயது கேட்கும். பிரிட்ஜ் தட்டில எல்லாப் பக்கமும் உறைய, காற்று நடுவில அகப்படும். சிற்பக் கட்டியை அடியில இருந்து மேல்நோக்கி உறைய வைக்கினம். மேல ஒரு சின்னப் பம்ப் தண்ணியைக் கலக்கிக்கொண்டே இருக்கும், குமிழ் ஒட்டாது. மூன்று நாள் அளவில ஒரு கட்டி: ஏறத்தாழ 100 × 50 × 25 செ.மீ., 115 கிலோ அளவு. பெரிய சிற்பமெல்லாம் இப்படிக் கட்டிகளை ஒட்டினதுதான், பசையும் தண்ணிதான். முகங்களை மட்டமாக்கி, இடையில தண்ணி விட்டு உறைய விடுவினம். குனிஞ்சு பக்கவாட்டில பாருங்கோ, பொருத்து மயிர்க்கோடு மாதிரித் தெரியும்.

கம்பளி:
சேலை பரவாயில்லை. நிலத்தில அரையாமல் நாலு விரல் உயர்த்தி, உள்ள கம்பளித் தேர்மல், மேல முழங்காலுக்குக் கீழ வாற கோட். பருத்தி உள்ளுடுப்பு வேண்டாம், வியர்வை காயாது. இரண்டு தடிச்ச சொக்ஸ் போட்டுப் பூட்ஸுக்குள்ள காலைத் திணிக்கிறதுதான் எல்லாரும் விடுற பிழை. இரத்தஓட்டம் குறைய விரல் விறைக்கும். ஒரு கம்பளி சொக்ஸ், விரல் ஆட இடம், போதும். அம்மம்மாவின்ர பூட்ஸுக்கு இரும்பு முள்ளுப் பட்டி மாட்டுங்கோ. கடைக்குள்ள போகேக்க கழட்ட வேணும், ஓடு பதிச்ச நிலத்தில அதுவே வழுக்கும்.

காற்றோட சேர்த்த குளிர் −28-ஐத் தாண்டினால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிசத்தில உறையலாம். கன்னத்தில, காதுமடலில வெளிறின திட்டைக் கண்டால் உடன உள்ள கூட்டிப் போங்கோ, தேய்க்காதேங்கோ.

இன்னொண்டு. சின்னவருக்கு ஊதின ஜக்கெற்றுக்கு மேல கார் சீற் பட்டி போட வேண்டாம், மோதினால் ஜக்கெற் அமுங்கிப் பட்டி தளர்ந்துபோகும். முதல் பட்டி, பிறகு ஜக்கெற்றைப் போர்த்துங்கோ.

தெருக்கோடி:
கால்வாயை நம்பி வெளிக்கிடாதேங்கோ. 7.8 கி.மீ. பாதை திறக்க ஐஸ் 30 செ.மீ. அளவுக்குத் தடிக்க வேணும். 2022–23 குளிரில ஒருநாள்கூடத் திறக்கேல்லை. சிவப்புக்கொடி எண்டால் மூடல். அப்ப நகரசபைக் கட்டடத்தடி ஐஸ் சறுக்குற றிங்க்குக்குப் போங்கோ. அடியில குளிரூட்டினது, வெப்பநிலை கொஞ்சம் ஏறினாலும் தாங்கும். அம்மம்மா கட்டடத்துக்குள்ள சூடா இருக்கலாம். சறுக்குச் சப்பாத்து வழமையான அளவிலும் ஒரு அளவு சின்னது எடுங்கோ. கணுக்காலடியில இறுக்கிக் கட்ட வேணும், விரலடியில தளர்வு. பிள்ளைகளுக்கு ஹெல்மெற் வீட்டிலயிருந்தே கொண்டுபோங்கோ.

வடலி:
நன்றி. இரவுப் படத்துக்குப் போன் காணுமா?

உளி:
காணும். உள் பொக்கற்றில உடம்போட ஒட்டி வையுங்கோ. வெளியில வைச்சால் பற்றரி 40 வீதம் காட்டிக்கொண்டே போன் அணைஞ்சுபோகும்.