கொளுத்தும் வெயிலில் சோலார் ஏன் நின்றது?

சிராங்கூன்வாசி:
எங்க டெரஸ் வீட்டுக் கூரையில 450 வாட் பேனல் 14 இருக்கு. கார் போர்ச் சுவர்ல 5 கிலோவாட் இன்வெர்ட்டர். போன வாரம் மத்தியானம் எங்க வரிசைக்கே கரண்ட் போச்சு. வெயில் பொளக்குது, ஆனா இன்வெர்ட்டரும் கூடவே படுத்துடுச்சு. "இவ்வளவு காசு கொட்டி ஒரு ஃபேன் ஓடலையே"ன்னு மாமியார் கேட்டுட்டாங்க. இன்னொன்னு, சில நாள் உச்சி வெயில்ல ஆப்ல கோடு 5 கிலோவாட்லயே மொட்டையா நிக்குது. பேனல் மொத்தம் 6.3 ஆச்சே?

வயர்மேன்:
தம்பி, ரெண்டும் பழுது இல்ல. பேனல் தர்றது டிசி, அதாவது ஒரே திசையில ஓடற கரண்ட். 14-ஐயும் தொடராக் கோத்தா 500 வோல்ட்டைத் தாண்டும். இன்வெர்ட்டர் உள்ள இருக்கிற டிரான்சிஸ்டருங்க அதை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டி, வீட்டுக்கு வர்ற மாதிரி 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் ஏசி கரண்டா, அதாவது திசை மாறி மாறி ஓடற கரண்டா ஆக்குது. தாளம் போடறது வெளி லைன். அதைப் பார்த்துத்தான் இன்வெர்ட்டர் ஓடும். லைன் செத்தா இதுவும் நின்னே ஆகணும். இல்லேன்னா தெருவுல கேபிள் பழுது பார்க்கிறவர் மேல உங்க கூரை கரண்ட் பாயும். லைன் திரும்பினாலும் கொஞ்ச நேரம் நிதானம் பார்த்துத்தான் சேரும்.

6.3-ங்கிறது பேனல் 25 டிகிரியில இருக்கும்போது அளந்தது. நம்ம ஊர்க் கூரையில பேனல் 60 டிகிரிக்குச் சுட்டா பத்து சதவீதத்துக்கு மேல அப்பவே போயிடும். மழை விட்டுப் பளிச்சுன்னு வெயில் அடிச்சா 5-ஐத் தாண்டப் பார்க்கும், இன்வெர்ட்டர் விடாது. காலையிலயும் மேகமூட்டத்துலயும் கூடுதலாக் கிடைக்கட்டும்னுதான் பேனலை வேணும்னே அதிகமாப் போடறாங்க.

ஒண்ணு மட்டும்: இன்வெர்ட்டர் அணைஞ்சிருந்தாலும் பகல்ல பேனல் வயர்ல கரண்ட் இருக்கும். நீங்களா எதையும் திறக்காதீங்க.

பொங்கோல் அக்கா:
எங்கண்ணன் வீட்டுல ஹைபிரிட் இன்வெர்ட்டர், பேட்டரியோட. கரண்ட் போனா வீட்டை லைன்லேருந்து பிரிச்சுத் தனியா ஓட்டும். அதுவும் ஃபிரிட்ஜ், லைட், வைஃபை மட்டும்தான், ஏர்கான் கிடையாது. சிங்கப்பூர்ல கரண்ட் போறதே அத்திபூத்தாப்பல. அதுக்குப் போய் ஆயிரக்கணக்குல வெள்ளி செலவழிக்கணுமா, நீங்களே சொல்லுங்க.

சிராங்கூன்வாசி:
பேட்டரி வேணாம்க்கா, மாமியாருக்குச் சார்ஜ் பண்ற ஃபேன் போதும். அண்ணே, போர்ச் மேற்கு பார்த்தது. சாயங்கால வெயில் இன்வெர்ட்டர் மேலயே விழுது. பரவாயில்லையா?

வயர்மேன்:
அதான் உண்மையான பிரச்சினை. உள்ளே சூடு ஏறினா தன்னைக் காப்பாத்திக்க அதுவே பவரைக் குறைச்சுக்கும், ஆயுசும் குறையும். மேலே ஒரு தகரச் சாய்ப்பு போடுங்க, சுத்தி காத்து போக இடம் விட்டு. கீழே செருப்பு அலமாரி இருந்தா நகர்த்திடுங்க.