நூடுல்ஸில் போடும் தடித்த வெள்ளை முளை வீட்டில் வருமா?

மதுரை_மாடிவீடு:
பச்சைப்பயறை ஊறவைத்துத் துணியில் கட்டி முளைகட்டுவது எங்கள் வீட்டில் வழக்கம்தான். அரை அங்குல வால் வந்ததும் தாளித்துவிடுவோம், அதில் குறை ஒன்றுமில்லை. இப்போது பையனுக்கு நூடுல்ஸில் போடுகிற நீளமான, தடித்த வெள்ளை முளை வேண்டுமாம். அதே மூட்டையைக் கூடுதலாக இரண்டு நாள் விட்டுப் பார்த்தேன். நூல் மாதிரி மெலிந்து, வேர் துணிக்குள் பின்னிக்கொண்டு, ஊசிப்போன வாடை. சித்திரை வெயில் வேறு. இதற்கு வேறு பயறு வாங்க வேண்டுமா?

கொல்லு_ரசம்:
பயறு அதேதான். ஆனால் உடைந்தது, பூச்சி அரித்தது எல்லாம் பொறுக்கி எறியுங்கள். முளைக்காத பயறுதான் முதலில் அழுகும்.

ஈப்போ_அக்கா:
நான் இருப்பது மலேசியாவில், ஈப்போ. இங்கே கோழிச்சோற்றோடு ஒரு தட்டு தவ்கே, அதாவது நீங்கள் கேட்கிற இதே முளை, வராவிட்டால் கடைக்காரரோடு சண்டைதான். ஊர்த் தண்ணீரால்தான் அது குண்டாக வருகிறது என்று பெருமையடிப்பார்கள். அடிக்கட்டும். உங்கள் குழாய்த் தண்ணீரிலும் வரும்.

துணி மூட்டையை விடுங்கள். அடியில் நிறையத் துளை போட்ட பிளாஸ்டிக் டப்பா எடுத்து, ஈரத்துணி விரித்து, இரவு முழுக்க ஊறிய பயறை இரண்டு அடுக்குக்கு மேல் போகாமல் பரப்புங்கள். 100 கிராமே டப்பாவை நிறைத்துவிடும். மேலே இன்னொரு ஈரத்துணி, அதன்மேல் தட்டு, தட்டின்மேல் ஒரு கிலோ பாரம். நான் அம்மிக்குழவியை வைப்பேன். நசுக்குகிறோமே என்று பாவம் பார்க்காதீர்கள். அழுத்தம் பட்டால்தான் முளை எத்திலீன் என்ற வாயுவைக் கூடுதலாக விடும். தண்டு நூலாக நீளாமல் பருக்கும். பாரமே வைக்காவிட்டால் நீங்கள் சொன்ன நூல்தான்.

வெளிச்சம் துளியும் படக்கூடாது. பட்டால் இலை பச்சை கட்டி, ருசி மாறிவிடும்.

அப்புறம் தண்ணீர். முளைக்கிற பயறு தானே சூடு கிளப்பும், உங்கள் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். நாலைந்து மணி நேரத்துக்கு ஒரு தரம் டப்பாவைத் தொட்டியில் வைத்துத் தாராளமாக ஊற்றுங்கள். அடியில் வழிகிற தண்ணீரில் கைவைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு போய்க் குளிர்ச்சியாக வரும்வரை நிறுத்தாதீர்கள். வாடை வருவது பெரும்பாலும் இந்தச் சூட்டாலும் தேங்கிய நீராலும்தான். நாலைந்து நாளில் பறிக்கலாம்.

பாரதி_நகர்:
ஒரு எச்சரிக்கை. முளைக்கு ஒத்துவரும் சூடும் ஈரமும் கிருமிக்கும் ஒத்துவரும். 2011இல் ஜெர்மனியில் வெந்தய முளை வழியாகப் பரவிய ஈ.கோலை என்ற கிருமியால் 50 பேருக்கு மேல் இறந்தார்கள். குழந்தைக்குப் பச்சையாகக் கொடுக்காமல் நன்றாக வேகவைத்தே கொடுங்கள். ராஜ்மாவை முளைகட்டினாலும் பச்சையாக வாயில் வைக்கவே கூடாது, நச்சு. விதைக்கடையில் மருந்து கலந்து விற்கும் பயறும் வேண்டாம்.

மதுரை_மாடிவீடு:
அம்மிக்குழவிக்கு ஒரு வேலை கிடைத்தது! சரி அக்கா, அந்தப் பச்சைத் தோலை ஒவ்வொன்றாகவா உரிப்பது?

ஈப்போ_அக்கா:
ஐயோ, விடிந்துவிடும். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி முளையைப் போட்டுக் கையால் அளையுங்கள். முக்கால்வாசித் தோல் மிதக்கும், சாய்த்து ஊற்றிவிடலாம். மிச்சம் இருந்தால் இருக்கட்டும், தின்னலாம். நுனியில் தொங்கும் வேரை மட்டும் கிள்ளிவிடுங்கள், பையன்கள் அதைப் பார்த்தால்தான் முகம் சுளிப்பார்கள்.