கடைமடையில் தண்ணீர் தாமதமானால் குறுவையா, ஒரே சம்பாவா?

தலைஞாயிறு பக்கம்:
வணக்கம். நாகை மாவட்டம், கடைமடை (ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் பகுதி), 3 ஏக்கர் நெல் வயல், போர்வெல் கிடையாது. மேட்டூர் அணையை ஜூன் 12ல் திறந்தாலே எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர வாரக் கணக்கில் ஆகும். 2024ல் ஜூலை 28ல்தான் திறந்தார்கள். நான் அவசரப்பட்டு ஆகஸ்டு 10 வாக்கில், கையில் இருந்த 110 நாள் குறுவை (குறுகிய கால நெல்) விதையையே தெளித்துவிட்டேன். சீக்கிரம் அறுத்தால், அதே வயலில் இரண்டாம் போக நெல்லான தாளடியும் போடலாம் என்று நினைப்பு. நவம்பர் கடைசி வாரத்து மழையில் பயிர் சாய்ந்து, கதிரிலேயே நெல் முளைத்தது. அள்ளியதில் பாதி பதர். இனி தண்ணீர் இப்படித் தாமதமானால் என்னதான் செய்வது?

மன்னார்குடி அண்ணன்:
தம்பி, அறுவடை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். ஆகஸ்டு 10ல் விதைத்த 110 நாள் ரகம் நவம்பர் 28ல் அறுப்புக்கு வரும். பூப்பது அதற்கு ஒரு மாதம் முன்பு, அதாவது ஐப்பசி அடைமழையில். பூவில் மழை அடித்தால் மகரந்தம் கழுவிப் போகும், உங்கள் பதருக்கு அதுதான் காரணமாக இருக்கும். நாங்கள் குறுவை போடுகிறோம் என்றால் போர்வெல் இருக்கிறது, மே மாதமே நாற்று விட்டு செப்டம்பரில் அறுத்துவிடுவோம். ஆற்றுத் தண்ணீரை மட்டும் நம்பியிருப்பவர் ஜூலை தாண்டிக் குறுவையைத் தொடவே கூடாது என்பேன்.

வேதாரண்யம் சாலை:
அண்ணன் சொல்வது சரி. நான் குறுவையை விட்டு, நீண்ட நாள் நெல்லான சம்பாவை மட்டும் போட ஆரம்பித்து ஆறு வருடமாகிறது. சித்திரை, வைகாசியில் கிடைக்கிற மழைக்குக் கோடை உழவு, ஆவணி முதல் வாரத்துக்குள் சி.ஆர்.1009 சப்-1 என்ற சம்பா ரகம் புழுதி விதைப்பு, அதாவது காய்ந்த மண்ணிலேயே நேரடி விதைப்பு. நாற்றங்கால் வேண்டாம், வாய்க்கால் தண்ணீருக்கும் காத்திருக்க வேண்டாம், மழை ஈரத்திலேயே முளைத்துவிடும், தண்ணீர் வந்த பிறகு கட்டிக்கொள்ளலாம். 155 நாள் பயிர், தை மாதம் அறுப்பு. இந்த ரகம் இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் தாங்கும் என்பதுதான் நமக்கு முக்கியம், நம் ஊர் வடிகால் லட்சணம் உங்களுக்கே தெரியும். ஆனால் களை அதிகம் வரும், முதல் 30 நாள் விட்டால் பயிர் போச்சு. செப்டம்பர் பாதியைத் தாண்டிவிட்டால் 1009 வேண்டாம், 135 நாள் ரகத்துக்குப் போய்விடுங்கள்.

அப்புறம் உளுந்தை மறக்காதீர்கள். அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னாடி, கால் வைத்தால் லேசாகப் பதிகிற ஈரத்தில், ஏக்கருக்கு 10 கிலோ ஆடுதுறை-3 ரக உளுந்து தெளித்தால் போதும். மண்ணில் மிச்சமிருக்கிற ஈரமும் பனியுமே அதை வளர்த்துவிடும். எனக்குச் செலவு போகக் கையில் நிற்கிற காசு பல வருடம் உளுந்தில்தான்.

தலைஞாயிறு பக்கம்:
ரொம்ப நன்றி அண்ணே, இரண்டு பேருக்கும். ஒரே ஒரு சந்தேகம், அறுப்பு மெஷின் ஏறினால் முளைத்த உளுந்து நசுங்காதா?

வேதாரண்யம் சாலை:
நசுங்கும், அதை மறைக்க முடியாது. வயல் ஈரமாக இருந்தால் செயின் வண்டி போன தடமெல்லாம் போய்விடும். ஆள் கிடைத்தால் கையறுப்பு. கிடைக்காவிட்டால், வண்டி ஒரே தடத்தில் திரும்பும்படி நீங்களே வரப்பில் நின்று சொல்லுங்கள், தடத்தில் மட்டும் மறுபடி விதை தூவுங்கள். வைக்கோலையும் அன்றே அள்ளிவிடுங்கள், மூடிக்கிடந்தால் முளை வெளுத்துப்போகும்.